கடலின் இருப்புக் கணக்கு



கணக்காளன் ஒருவன் மீனைப்பற்றிப் பேச வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நியூபவுண்லாந்து 'கொட்' மீனின் கதை முழுக்கக் கணக்கின் கதைதான்.

கடலடியில் வாழும் இந்த மீனை ஐரோப்பியர் ஐந்நூறு வருடமாக அங்கே பிடித்துவந்தார்கள். 1968இல் மட்டும் பல நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து அள்ளியது ஏறத்தாழ 8 இலட்சம் தொன். 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக்கியது. இனி மீன் பெருகும் என்று நம்பித் தானே பெரிய இழுவைக் கப்பல்களை இறக்கியது.

எவ்வளவு பிடிக்கலாம் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இலையுதிர்காலத்தில் அரசின் ஆய்வுக் கப்பல், குலுக்கல் முறையில் தெரிவான இடங்களில் வலை இழுக்கும். அகப்பட்டவற்றை நிறுத்து, மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் மரவளையம்போல் உள்ள கோடுகளை எண்ணி வயது பார்ப்பார்கள். முட்டையிடும் பருவத்து மீன் எத்தனை தொன் என்று மதிப்பிடுவார்கள். அதை வைத்து அமைச்சர் அந்த வருடத்து உச்ச அளவை அறிவிப்பார். பிறகு அது படகுகளுக்குப் பங்கிடப்படும்.

எண்பதுகளில் பிழைத்தது எங்கே? இழுவைக் கப்பல்களின் பிடியையும் பெரிதாக நம்பிக் கணக்கெழுதினார்கள். மீன் குறைய, மிஞ்சியவை ஓரிடத்தில் கூடின. கப்பல்களின் கருவிகள் அந்த இடத்தைத் தேடிப்பிடித்தன. ஆகவே பிடி குறையவில்லை. கடனாளியின் கொப்பியை மட்டும் பார்த்து அவர் வசதியானவர் என்று எழுதுவதைப் போன்றது இது. மீன் சிறுத்துப்போகிறது என்று கரையோர மீனவர்கள் சொன்னது எடுபடவில்லை. 1989இல் விஞ்ஞானிகள் 125,000 தொன் போதும் என்றார்கள். வேலையிழப்புக்கு அஞ்சிய அரசு 235,000 தொன் கொடுத்தது.

1992 யூலை 2இல் அமைச்சர் ஜோன் குறொஸ்பி அந்தத் தொழிலையே நிறுத்தினார். ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். இரண்டு வருடத்துக்கு என்று சொன்ன தடை 32 வருடம் நீடித்தது.

அந்தக் கரை எங்களுக்கு அந்நியமானதல்ல. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எங்கள் மக்கள் 155 பேரைக் கண்டு காப்பாற்றியவர்கள் நியூபவுண்லாந்து மீனவர்கள்தான். ஆறு வருடத்தில் அந்த ஊர்களில்தான் படகுகள் கரையேறின.

அமெரிக்காவில் 1996இலிருந்து, அளவுமீறிப் பிடிபட்ட இனம் என்று அறிவித்துவிட்டால், மீட்பதற்குக் காலக்கெடுவுடன் திட்டம் போடவேண்டும் என்பது சட்டம். அங்கே மேற்குக் கரையில் 2000இல் அவ்வாறு அறிவிக்கப்பட்ட 'கனரி' பாறைமீன் 2015இல் மீண்டுவிட்டது. கனடாவில் மீட்புத் திட்டம் சட்டத்துக்குள் வந்தது 2019இல்தான்.

2024 யூன் 26இல் கனடா தடையை நீக்கி 18,000 தொன் அனுமதித்தது. 2025இல் அது 38,000 ஆயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2023இல் விஞ்ஞானிகள் 1954 வரையான பழைய தரவுகளையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். ஆபத்துக் கோடு கீழே இறங்கியது. மீன் இருப்பு கோட்டுக்கு மேலே வந்தது. திருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் மாறியது அளவுகோல். மீன் ஒரே வருடத்தில் பெருகிவிடவில்லை. கொட் தின்று வளரும் 'கப்லின்' என்ற சிறுமீனும் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை.

பங்கீட்டிலும் மனத்தாங்கல் உண்டு. முதல் 115,000 தொன் கரையோரப் படகுகளுக்கும் பழங்குடி மக்களுக்குமே என்று முன்னர் வாக்களித்திருந்தார்கள். 2024இல் பெருங்கப்பல்களுக்கும் ஒரு பங்கு போனதை மீனவர் சங்கம் எதிர்த்தது.

ஆகவே நேயர்களே, இனி இந்த அளவு செய்தியில் வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். விஞ்ஞானிகள் சொன்ன தொகை எவ்வளவு? பங்கு யாருக்குப் போகிறது? 1989இல் இந்த இரண்டையும் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.