ஓசை சொல்வதும் சொல்லாததும்



இந்த மேஜைமேல் இருக்கும் மெட்டல் டிடெக்டர் என்னும் கருவியைப் பார்த்துவிட்டு, கூட்டம் துவங்குமுன்பே சில தோழர்கள் நம்மிடம் வந்து, "இது புதையல் காட்டுமா?" என்று கேட்டார்கள். காட்டாது. இது ஓசை கொடுக்கும், அவ்வளவுதான். அந்த ஓசைக்குப் பொருள் காண்பது நம் மூளையின் வேலையே தவிர, கருவியின் வேலையல்ல. ஆகவே அவ்வோசை எதைச் சொல்லுகின்றது, எதைச் சொல்லுவதில்லை என்பதைப்பற்றியே இன்று பேசலாமென்று கருதுகின்றோம்.

கோலின் அடியிலுள்ள தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மின்சாரம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசைமாறி ஓடுகின்றது. அதனால் தட்டைச் சுற்றிலும் காந்த சக்தி ஏறியும் இறங்கியும் நிற்கின்றது. பக்கத்தில் உலோகம் ஏதேனும் இருந்தால் அதற்குள்ளும் சிறு மின்சாரச் சுழல் உண்டாகின்றது. அச்சுழலை மற்றொரு சுருள் உணர்ந்துகொள்ள, கருவி அதை ஓசையாக்கி நம் காதில் போடுகின்றது. இதில் கைராசியும் இல்லை, நாள் நட்சத்திரமும் இல்லை. பேயோட்டுகிறவர் கையில் கொடுத்தாலும் ஒலிக்கும். நம் கையில் கொடுத்தாலும் ஒலிக்கும்.

பல கருவிகளில் இரும்பாணிக்குத் தடித்த குரலும், செம்புக்கும் பழைய வெள்ளி ரூபாய்க்கும் சன்னமான மேல் ஸ்தாயியும் கேட்கும். உடனே, "இரும்பு தாழ்ந்த ஜாதி, வெள்ளி உயர்ந்த ஜாதி" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்! ஒவ்வொரு உலோகமும் கருவிக்குப் பதில் கொடுப்பதில் உள்ள தாமதம் வேறு வேறு. அந்த வித்தியாசத்திற்கு இன்ன ஸ்தாயி என்று வைத்தவன் கருவியைச் செய்தவன். எல்லா உலோகத்திற்கும் ஒரே குரல் கொடுக்கும் கருவிகளும் உண்டு.

அப்படியானால் தங்கத்தின் குரல் எது? இதில்தான் ஆசைக்காரர்கள் ஏமாறுகின்றார்கள். சிறு தங்க மோதிரம் நடுத்தரமான குரலில்தான் ஒலிக்கும். மாத்திரை சுற்றிவரும் அலுமினியத் தாளும், டின் பானத்தின் மூடி வளையமும் ஏறக்குறைய அதே குரலில்தான் ஒலிக்கும். தோண்டிப் பார்க்காமல், "இது தங்கந்தான்" என்று சொல்லுகிறவர் கருவியின் பேச்சைச் சொல்லவில்லை. தம்முடைய ஆசையின் பேச்சைச் சொல்லுகின்றார். துருப்பிடித்த ஆணியும் பெரிய இரும்புத் தகடுங்கூடச் சில சமயம் மேல் ஸ்தாயியில் கத்தி ஏய்த்துவிடும். அதற்காக அனுபவமுள்ளவர்கள் ஒரு தடவை கேட்டதை நம்புவதில்லை. வடக்கு தெற்காக வீசிப் பார்த்த இடத்திலேயே கிழக்கு மேற்காகவும் வீசுகின்றார்கள். இரு பக்கமும் ஒரே குரல் வந்தால் தோண்டலாம். ஒரு பக்கம் கத்தி மறு பக்கம் விக்கினால் பெரும்பாலும் அது ஆணிதான். சப்தம் பெரிதாயிருப்பதனால் சரக்கும் பெரிதென்று சொல்ல முடியாது. மேலாகக் கிடக்கும் சோடா மூடி ஊரைக் கூட்டும், ஆழத்திலுள்ள நாணயம் முணுமுணுக்கத்தான் செய்யும். இரும்புச் சத்துள்ள செம்மண்ணில் மண்ணே இரையும்; தட்டை மேலும் கீழும் ஆட்டி, மண்ணின் இரைச்சலை முதலில் அடக்கிக்கொண்ட பிறகே தேட வேண்டும்.

ஓசையைக் கேட்டும் பயனில்லாமல் போன சங்கதி ஒன்றுண்டு. 1881-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டை வாஷிங்டன் ரயிலடியில் ஒருவன் சுட்டுவிட்டான். குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருந்தது. வைத்தியர்கள் கழுவாத விரலைக் காயத்தினுள் விட்டுத் துழாவினார்கள். டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் கம்பிச் சுருள்களையும் டெலிபோன் குழலையும் சேர்த்து, குண்டைத் தேட ஒரு கருவி செய்தார். பழைய யுத்தத்தில் குண்டடிபட்டு, குண்டை உடலிலேயே வைத்திருந்த சிப்பாய்கள்மேல் அதைச் சோதித்தும் பார்த்தார். பிறகு இரண்டு தடவை தலைவரின் உடல்மேல் வைத்துக் கேட்டார். முதல் தடவை கோளாறான இரைச்சல். இரண்டாம் தடவை, ஓரிடத்தில் கேட்க வேண்டிய ஓசை பரவலாக மங்கிக் கேட்டது. படுக்கைக்குக் கீழே எஃகுக் கம்பி மெத்தை இருந்தது பிறகுதான் தெரிந்தது! அதைவிடப் பெரிய சங்கடம் தலைமை வைத்தியர் பிளிஸ். குண்டு வலப்பக்கந்தான் என்று அவர் முன்னமேயே முடிவு கட்டிவிட்டார். அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். செப்டம்பர் 19-ந் தேதி தலைவர் இறந்தார். அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கம் இருந்தது. கருவி கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் பெரியவர் சொன்ன பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும்?

இனி ஓசையே கொடுக்காத ஒரு கருவியின் கதை. ஏ.டி.ஈ. 651 என்று பெயர். ஒரு கைப்பிடி, அதில் ஆடும் ஒரு கம்பி, பாட்டரி கிடையாது. வெடிகுண்டிருக்கும் பக்கம் கம்பி திரும்புமென்று சொல்லி, மெக்கார்மிக் என்னும் ஆங்கிலேயர் இராக் சர்க்காருக்கு விற்றார். 8 கோடி டாலருக்கு மேல் அழுதார்கள். இதன் பூர்வீகம் கோல்ப் பந்து தேடுவதற்கென்று 20 டாலருக்கும் குறைவாக விற்ற விளையாட்டுச் சாமான். அதற்குள் போடும் சீட்டைப் பிரித்துப் பார்த்தால், கடையில் துணி திருடாமலிருக்க ஒட்டும் வில்லை மட்டுமே இருந்தது. கம்பி ஆடியது ஏனென்றால், பிடித்தவர் கை தம்மையறியாமல் ஆடியதனால்தான். நம் ஊரில் கிணறு வெட்டுமுன் குச்சியையும் தேங்காயையும் ஏந்தி நீரோட்டம் பார்க்கின்றவர் கையும் இப்படித்தான் ஆடுகின்றது. குண்டைக் காட்டவில்லையென்றால், பிடித்தவருக்கு மனநிதானம் போதாது என்றார்கள். பத்தியம் தவறியதால் மந்திரம் பலிக்கவில்லை என்று கேட்டிருக்கின்றோமல்லவா? அங்குள்ள வெடிகுண்டு இலாகாத் தலைவர், மந்திரமோ விஞ்ஞானமோ, குண்டைக் கண்டுபிடித்தால் தமக்குப் போதுமென்று 2009-ல் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். கண்டுபிடிக்கின்றதா என்பதைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும். குண்டு ஏற்றிய வண்டிகள் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போயின. 2013-ல் மெக்கார்மிக்குக்கு 10 வருஷம் சிறை கிடைத்தது. ஆனாலும் 2016 ஜூலையில் பாக்தாத்தில் ஒரே வெடிப்பில் 300-க்கு மேற்பட்டவர்கள் மாண்ட பிறகுதான், அந்தக் கம்பியைக் கீழே போடும்படி இராக் பிரதமர் உத்தரவிட்டார்.

தோழர்களே! நம் பேச்சையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் 10 கொட்டாங்கச்சி கவிழ்த்து வைத்திருக்கின்றது. இதோ ஒரு வெள்ளி ரூபாய், ஓர் இரும்பாணி, ஒரு துண்டு அலுமினியத் தாள். தோழர் ஒருவர் வந்து இவற்றை இஷ்டப்பட்ட கச்சிக்குள் மறைத்துவிட்டு, நம் கண்ணில் படாமல் வெளியே போய்விடட்டும். அவர் முகத்தைப் பார்த்து நாம் தெரிந்துகொண்டதாக இருக்கக்கூடாது. பிறகு தட்டை வீசுகின்றோம். ஓசையைக் கேட்டு எந்தக் கச்சி, எந்தச் சாமான் என்பதை நீங்களே சொல்லுங்கள். அதற்குமுன் யாராவது அந்தப் பெஞ்சுப் பலகையைப் புரட்டிப் பாருங்கள். அதில் ஆணி அடித்திருக்கும்.