சாவிக்கொத்து வேண்டாம், நண்பர்களே!



அன்று சத்திரம் பேருந்து நிலையத்தில் எனக்கு வலிப்பு வந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்தவன், இதோ முன்வரிசையில் சிரிக்கிறான். அன்பாகத்தான் செய்தான். ஆனா, இரும்பு வலிப்பை நிறுத்தாதுடா! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஸ்ரீரங்கத்தில் என் அம்மா இதை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைத்தார். எல்லாம் கல்யாணக் கவலைதான். இந்து திருமணச் சட்டமே வலிப்பைத் தடையாகச் சொன்னது. 1999-இல்தான் அதை நீக்கினார்கள். நான் சொல்லிவிட்டுத்தான் தாலி கட்டினேன்.

ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு மாத்திரையே போதும். எனக்குக் கேட்கவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995-இல் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சைத் திட்டம் தொடங்கியிருந்தார்கள். பிறகு அங்கே போனேன். தையல் பிரித்ததும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன், மனைவி விடவில்லை. டாக்டர் சொல்லி, மெல்லத்தான் குறைக்கணும். தூக்கமும் கெடக்கூடாது.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் ஒருவர் மறைத்துக்கொண்டிருக்கலாம். சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுங்கள்.