வாடகைக்கு விட்ட வீட்டில் நாமே குடிவந்தால் பழைய நஷ்டம் என்ன ஆகும்?

(சூரியநெல்லியில் கூடிய அங்கத்தினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் சிலர், ரிடையர் ஆனதும் இங்கேயே வந்துவிட நினைக்கிறார்கள். "இத்தனை வருஷமாக வருமான வரிக் கணக்கில் காட்டிவந்த வீட்டு நஷ்டம், நாமே குடிவந்தால் போய்விடுமா?" என்பது அவர்கள் கவலை. உடனே போகாது. ஆனால் யோசனை இல்லாமல் இருந்தால் வீணாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 15,000 ரூபாய், வருஷத்துக்கு 1,80,000. பஞ்சாயத்து வரி 5,000 போக 1,75,000. அதில் 30 சதவீதக் கழிவு 52,500 போக மிச்சம் 1,22,500. வங்கிக் கடன் வட்டி 4,00,000 என்றால் நஷ்டம் 2,77,500. பழைய வரி முறையில் இருப்பவர் இதில் 2,00,000 வரைதான் சம்பளம், பென்ஷன் போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம். 2017-ஆம் வருஷத்து நிதிச் சட்டம் வைத்த வரம்பு இது. பாக்கி 77,500 அடுத்த 8 வருஷங்களுக்குக் கொண்டுபோகப்படும். இப்படி மூன்று வருஷம் சேர்ந்தால் 2,32,500.

இந்தப் பாக்கியை வீட்டு வருமானத்தில் மட்டுமே கழிக்க முடியும். நாமே குடியிருக்கும் வீட்டின் வருஷ மதிப்பு பூஜ்யம். கழிப்பதற்கு வருமானமே இல்லை. 8 வருஷம் ஓடிவிட்டால் நஷ்டமும் காலாவதி.

வழி இல்லாமல் இல்லை. அதே வீட்டு வாடகையில்தான் கழிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இங்கே குடிவரும்போது சென்னை ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டால், அந்த வருமானத்தில் சூரியநெல்லி வீட்டின் பழைய நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளலாம். 2019-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்துக்குப் பிறகு இரண்டு வீடுகளுக்குப் பூஜ்ய மதிப்பு கிடைக்கிறது என்பதற்காக இரண்டையும் பூட்டிவைத்தால் இந்த வாய்ப்பு போய்விடும்.

அடுத்தது தேதி. வருஷத்தில் சில மாதங்கள் வாடகைக்கு விட்டிருந்தாலும் அந்த வருஷத்துக்குப் பூஜ்ய மதிப்பு கிடையாது. மே மாதக் கடைசியில் குடித்தனக்காரர் காலி செய்தால் கைக்கு வந்தது 30,000தான். சட்டமோ முழு வருஷத்துக்கான நியாய வாடகையை ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்கும். கடன் அடைந்தவருக்கு மேலே சொன்ன 1,22,500-க்கு வரி வரும். ஆகவே கடன் இல்லாதவர்கள் மார்ச் 31-க்குள் வீட்டைக் காலி வாங்குவது நல்லது. பழைய நஷ்டம் கையில் இருந்தால் அதை இதில் கழிக்கலாம். பெரிய கடன் உள்ளவருக்கு இந்தச் சங்கடம் குறைவு. அந்த வருஷத்துக்கு முழு வட்டியும் கழியும். அதன் பிறகு, நாமே குடியிருக்கும் வீடுகளுக்கு எல்லாம் சேர்த்து 2,00,000 ரூபாய்தான் உச்சவரம்பு.

2023-24 முதல் யாரும் தேர்ந்தெடுக்காமலே பொருந்தும் புதிய வரி முறையில், சொந்தக் குடியிருப்புக்கு வட்டிக் கழிவே கிடையாது. வாடகை வீட்டு நஷ்டத்தைப் பென்ஷனில் கழிக்கவும் முடியாது. ஆகவே குடிவருவதற்கு முன் இரண்டு முறையிலும் கணக்குப் போடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் வருஷங்களுக்கு 2025-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் பொருந்தும். பிரிவு எண்கள் மாறின. நான் சொன்ன விதிகளின் அடிப்படை மாறவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தாம் குடியிருக்கும் வீட்டை நஷ்டத்தில் விற்றால் வரியில் அதற்குச் சலுகை இல்லை. நம் சட்டத்தில் குடியிருந்த வீடும் மூலதனச் சொத்துதான். விற்பனையில் வரும் நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் கழிக்கலாம். ரிட்டனைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் 8 வருஷம் கொண்டுபோகலாம்.

சாமான்களை லாரியில் ஏற்றும் முன், கடைசி ரிட்டனில் எந்த வருஷத்து நஷ்டம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, ஆடிட்டரை ஒரு முறை கலந்துகொள்ளுங்கள்.