கையொப்பத்துக்கு முன்னே ஒரு சொல்



புத்ராஜெயாவில் தேசிய புற்றுநோய்க் கழகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்து ஊரான டெங்கிலில் இன்று கூடியிருக்கிறோம். பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வுகளே நம் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. அருகில் பரவிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அதற்கு முன் ஆறு வாரம் இரண்டு பழைய கீமோ மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? இந்தக் கேள்வியோடு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2012இல் இன்டர்லேஸ் ஆய்வைத் தொடங்கியது. பிரிட்டன், இந்தியா, மெக்சிகோ, பிரேசில், இத்தாலி ஆகிய 5 நாடுகளில் 500 பெண்களைச் சேர்க்கப் பத்தாண்டு பிடித்தது. ஐந்தாண்டு கழித்து, பழைய முறையில் நூற்றுக்கு 72 பேரும் புதிய முறையில் 80 பேரும் உயிரோடு இருந்தார்கள். காப்புரிமை தீர்ந்த மருந்தில் நிறுவனங்களுக்கு ஆதாயம் குறைவு. அதனால் அறக்கட்டளைப் பணத்தில் பேராசிரியர்களே அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

நமக்கும் கேள்விகள் உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் தோட்டப்புற வழக்கத்தால் வாய்ப்புற்று மலேசிய இந்தியரைக் கூடுதலாகத் தாக்குகிறது. தமிழ்நாடும் இலங்கையும் அறிந்த நோய் இது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் போதாத ஆய்வை மலேசியா, இந்தியா, இலங்கை மூன்றும் சேர்ந்தால் முடிக்கலாம்.

வழியில் தடைகள் உள்ளன. இங்கே சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு, ஆய்வு மருந்துக்கு இறக்குமதி உரிமம். இந்தியாவில் வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கு அமைச்சகப் பரிசீலனை. நாட்டுக்கு நாடு தனிக் காப்பீடு. வார்டு வேலைக்கு நடுவே மருத்துவரே இவை அனைத்துக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். ஆய்வுத் திட்டம் ஒன்றே என்றால், எல்லா நாட்டுக் குழுக்களும் அதை ஒரே சமயத்தில் படிக்க வழி காண வேண்டும்.

ஆனால் என் மனத்தை அதிகம் உறுத்துவது ஒப்புதல் படிவம். ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்று அச்சிட்டுக் கிள்ளானில் ஒரு பாட்டியிடம் நீட்டினால் அவருக்கு என்ன விளங்கும்? யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல என்றால் முறை விளங்கும்; ‘என் உயிரை வைத்துக் குலுக்குகிறார்களா?’ என்ற அச்சமும் வரும். “இரண்டில் எது நல்லது என்று எங்களுக்கே இன்னும் தெரியாதம்மா, அதனால்தான் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை” என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்தச் சொற்களைச் சென்னை, ஹட்டன், கிள்ளான் நோயாளிகளிடம் வாசித்துக் காட்டித் திருத்தி, மூன்று நாட்டுக்கும் பொதுவான தமிழ்ப் படிவம் ஒன்றை உருவாக்கும் பணியை இந்தக் கருத்தரங்கு தொடங்கிவைக்க வேண்டும். ஆய்வில் பலன் கண்ட மருந்து, அதில் பங்கேற்றவருக்குப் பிறகும் கிடைக்கும் என்ற உறுதியும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும்.

இது நம்மால் ஆகும். 1956இல் சென்னையில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வு மன்றங்களும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து காசநோய் ஆய்வைத் தொடங்கின. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட ஏழைகள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். உலகின் காசநோய்ச் சிகிச்சையையே அந்தச் சிறு வீடுகள் மாற்றின.

அந்த நோயாளிகள் தந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டவர்கள். அந்த நினைவோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.