ஒயரின் தோலை உரிக்க எது நல்லது?

கீழ்பென்னாத்தூரில் பள்ளிக் கண்காட்சிக்காக எல்.இ.டி.யும் சின்ன மோட்டாரும் இணைக்கிற பிள்ளைக்கு முதலில் வாங்கித் தர வேண்டியது நல்ல ஒயர் ஸ்ட்ரிப்பர். "எலக்ட்ரீசியன் அண்ணன் கட்டிங் பிளேயரிலேயே உரிக்கிறாரே?" என்று கேட்பீர்கள். அவர் தொடுகிற 1 சதுர மி.மீ. வீட்டு ஒயரில் வழக்கமாக 14 இழைகள். ஒன்று அறுந்தாலும் சமாளிக்கலாம். 7/36 என்று கேட்டு வாங்குகிற மெல்லிய ஒயரில் இருப்பதோ ஏழே இழைகள். ஒவ்வொன்றும் 0.2 மி.மீ.கூடக் கிடையாது. இரண்டு போனால் கால் பங்குக்கு மேல் போச்சு. ஒற்றைக் கம்பி ஒயரில் பிளேடு கீறினால், வளைக்கும்போது அந்தக் கீறலில்தான் ஒடியும். பல்லால் கடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், பல் மருத்துவர் செலவு ஸ்ட்ரிப்பர் விலையைவிட அதிகம்!

அழுத்தியதும் தானே உரிக்கிற ஆட்டோமேட்டிக் கருவி வேகமானதுதான். ஆனால் அவற்றில் பல, தடித்த ஒயருக்கென்றே செய்தவை. மெல்லிய ஒயர் நழுவும், அல்லது நசுங்கும். திருகு வைத்த மலிவான கருவி போதுமே என்றால், போதும். ஒவ்வொரு ஒயருக்கும் திருகைச் சரிபார்க்கும் பொறுமை வேண்டும். அளவுக்கு ஒரு துளை உள்ள ஸ்ட்ரிப்பரே தொடக்கக்காரருக்கு ஏற்றது. அதிலும் ஒரு சிக்கல். நம் கடைகளில் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற கம்பித் தடிமன் கணக்கில் 22 என்றால் 0.71 மி.மீ.; பல கருவிகளில் பொறித்திருக்கும் ஏ.டபிள்யூ.ஜி. கணக்கில் அதே 22 வெறும் 0.64 மி.மீ. எண்ணை நம்பி அந்தத் துளையில் வைத்தால் கம்பி கீறும். கடைக்குப் போகும்போது நீங்கள் பயன்படுத்தும் ஒயரில் ஒரு துண்டு கொண்டுபோய், உரித்துப் பார்த்தே வாங்குங்கள்.