முதல் சாம்பிளும் முதல் வரைவும்



கட்டிங் மேஜையில் முப்பது வருடம் நின்றவர்கள் நம் பிளாக்குகளில் இருக்கிறீர்கள். அந்த அனுபவத்தை எழுதச் சொன்னால், "பிழை வருமே" என்று தயங்குகிறீர்கள்.

பனியன் கம்பெனியில் முதல் சாம்பிளையா கப்பலேற்றுகிறோம்? பையர் குறை சொல்வார். திருத்திய பிறகே புரொடக்‌ஷன்.

நம் அரசியல் சட்டமும் அப்படித்தான். 1947 அக்டோபரில் பி.என்.ராவ் தந்த முதல் வரைவில் 243 பிரிவுகள். அம்பேத்கர் தலைமையிலான குழு அதை 315 ஆக்கியது. பிறகு சபையில் 2,473 திருத்தங்கள் முன்மொழியப்பட்டன. 1949 நவம்பர் 26-ல் ஏற்கப்பட்டபோது 395 பிரிவுகள். எழுதி வைத்தது இருந்ததால்தானே திருத்த முடிந்தது?

ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தைத் திருத்துங்கள். எழுதாமல் விட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதை கிடைக்காது.