வாக்குச்சாவடிக்குச் செல்லுமுன்

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

தேர்தல் கமிஷன் 1993-இல் கொண்டுவந்த புகைப்பட அடையாள அட்டை கையிலிருந்தாலே வாக்களித்துவிடலாம் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வாறன்று, வாக்காளர் ஜாபிதாவில் பெயர் இருத்தல் வேண்டும். பெயரிருந்து அட்டை தொலைந்தவர், சட்டமன்ற, பாராளுமன்றத் தேர்தல்களில் ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாங்கு அல்லது தபாலாபீஸ் பாஸ் புஸ்தகம் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். வீட்டில் கொடுக்கப்படும் வாக்காளர் சீட்டு மட்டும் 2019 முதல் அத்தாட்சியாகாது. அதை மட்டும் நம்பி, அன்றைக் கூலியையும் விட்டு வரும் மூதாட்டி வாக்களியாமலே திரும்ப நேரிடும்.

சுவரில் ஒட்டிய நோட்டீசை யார் படிக்கிறார்கள்? தமுக்கடித்துச் சொல்லுங்கள், நடவு வயலின் வரப்பில் நின்று சொல்லுங்கள். கிராம சபையில் ஜாபிதாவை உரக்கப் படியுங்கள். பெயர் விடுபட்டோர் 6-ஆம் படிவத்தையும், பிழையுள்ளோர் 8-ஆம் படிவத்தையும் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே கொடுத்துவிடலாம்.